இலேசான சரிவு

அந்த அடுக்குமாடியில் அவளை எல்லோரும் டிக்ஷனரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் பிழைப்பு. மருந்துச் சீட்டோ, மிக்ஸி கையேடோ, எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு அர்த்தம் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்குக் குன்றுக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாதாம்! மகளிடம் பேசும்போது மட்டும் தெரியாது.

மகள் மலைச்சாலை போடும் எஞ்சினியர். வேலை எங்கோ தொலைவில். வீட்டில் அக்கா ஒருத்திதான். "எப்படிடி இருக்கே?" என்று போன் போட்டால், "நல்லாருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் வரவே வராது. இந்தச் சமயத்தில்தான் மலையேறுகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்று மொழிபெயர்க்க வந்தது. 'ரிட்ஜ்' என்பதைப் பள்ளத்தாக்கு என்று அசந்து எழுதி, பார்த்துச் சொல்லும்படி மகளுக்கு அனுப்பிவிட்டாள். உடனே போன்.

"அம்மா! ரிட்ஜ்னா பள்ளத்தாக்கா? தலைகீழா எழுதி வெச்சிருக்கியே! மாட்டோட முதுகெலும்பு பாத்திருக்கல்ல? அப்படி உச்சி நீளமா ஓடும்மா!"

திட்டுதான். ஆனால் திட்டு முடிந்ததும் பேச்சு, சாலையில் மண் சரிந்தது, சமையல்காரர் கோபித்துக்கொண்டு போனது, பூட்ஸ் கடித்தது என்று எங்கெங்கோ போயிற்று. போனை வைக்கும்போது காது சுட்டது. அன்றைக்கு அக்காவுக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாகவே இறங்கியது.

அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டாள். அத்தியாயத்துக்கு ஒரு தப்பு. 'நோல்' என்ற சின்ன உருண்டைக் குன்றை மாமலை ஆக்கினாள். மலையிலிருந்து கிளைபிரிந்து இறங்கும் 'ஸ்பர்' என்ற மேட்டை ஆற்றங்கரை ஆக்கினாள். மகள் குதிப்பாள். "எனக்கென்னடி தெரியும்? மாடிப்படியைத் தவிர எந்த மேட்டைக் கண்டேன்?" என்று அக்கா அப்பாவியாகக் கேட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொள்வாள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு! பதிப்பகத்துக்கு அனுப்பும்போது மட்டும் சரியான சொல்தான் போகும். தொழிலில் அவள் விளையாடமாட்டாள்.

கடைசி அத்தியாயம் வந்தது. இது முடிந்தால் பேச்சும் முடிந்தது. அதனால் தப்பையும் பெரிதாகவே பார்த்துச் செய்தாள். 'எஸ்கார்ப்மென்ட்' என்றால் சுவர்போல் செங்குத்தாக இறங்கும் மலைமுகம். அதற்கு, "இலேசான சரிவு. குழந்தைகளும் ஓடி இறங்கலாம்" என்று எழுதி அனுப்பினாள். இதைப் பார்த்தால் மகள் அலறியடித்துக்கொண்டு கூப்பிடாமல் இருப்பாளா?

குளிக்கப் போனால் போன் கதவோரம், சாப்பிட உட்கார்ந்தால் தட்டோரம். "என்னக்கா, ஆளையே காணோம்?" என்று வந்த பக்கத்து வீட்டுக்காரியைக்கூட, "பொண்ணு கூப்பிடுவா, அப்புறம் வா" என்று விரட்டிவிட்டாள். விளக்குப் போடும் நேரத்தில் டிங் என்றது.

ஒரு கட்டைவிரல் படம். கீழே, "சூப்பர்மா. எல்லாம் கரெக்டா இருக்கு."

மகள் படிக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பாவம், குழந்தைக்கு என்ன வேலையோ என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். யார் வீட்டுப் பிள்ளையாவது அங்கே நடக்குமே. அந்த வரியை அழித்து, "செங்குத்தான மலைமுகம். விளிம்புக்குப் போகாதீர்கள்" என்று அடித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினாள்.

பிறகு மகளுக்குப் பதில் போட்டாள்: "நீ பாத்துக் குடுத்ததாலதான்டி தப்பில்லாம முடிஞ்சுது."