பட்டாணியின் இருநூற்றுப் பதினான்கு வீடியோக்கள்

இது நடந்தது. எனக்குச் சொன்னவர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். பத்தொன்பது வருடமாக லிப்ட் குழிக்குள் தனியாளாக இறங்கி வேலை பார்க்கிற மனிதர். பயம் என்ன விலை என்று கேட்பார். எந்த லிப்ட் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிடத்தில் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவர் தொழில் பழக்கம். இதையும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இங்கே வருகிற நேரமெல்லாம் அதில் உள்ளபடிதான்.

இன்னொன்று. இதில் ராத்திரியே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. 

லிப்ட்காரருக்கு ஒரே பெண். ஐந்து வயது. ஓரிடத்தில் நிற்காமல் வீடெல்லாம் உருண்டு திரிவாள் என்பதால் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காய்ச்சல் வந்தது. அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். "சாதாரணக் காய்ச்சல்தாங்க, மாத்திரை போட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்தாம் நாள் காலை 5.55. அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர்களைப் படுத்தியது போன். "போன வருடம் இதே நாள்" என்று தானாகவே ஒரு படம் எட்டிப் பார்க்கும். கடையில் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, வாயெல்லாம் பற்பசை நுரையோடு பட்டாணி வந்து நிற்பாள். மனைவி அப்படியே கீழே உட்கார்ந்துவிடுவாள்.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள். "எல்லாத்தையும் எங்கயாவது ஒரே இடத்துல பத்திரமா வைங்க. என் போன்ல இருக்க வேணாம். பார்க்கிற தைரியம் வந்தா நானே கேக்குறேன்."

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சர்வராக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சமாச்சாரங்களை எல்லாம் சேர்த்து வைக்க அவரே அமைத்தது. அதற்குள் இன்னொரு டிஸ்க் வைக்க இடமில்லை. வெளியே வைத்து வயரில் இணைக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. பழைய சாமான் கடையில் கிடைத்தது. கறுப்பு இரும்புப் பெட்டி. உள்ளே நான்கு டிஸ்க் வைக்க நான்கு அறை. முகப்பில் அறைக்கொன்றாக நான்கு குட்டி விளக்கு. பின்னால் ஒரு சின்னக் காற்றாடி.

"உள்ள ஒண்ணும் கிடையாது சார். டிஸ்க்கை எல்லாம் கழட்டிட்டுத்தான் குடுத்தாங்க. வெறும் கூடு" என்றார் கடைக்காரர்.

"யாரோடது?"

"யாரோ வயசானவரு. போயிட்டாரு, வீட்டைக் காலி பண்ணாங்க. செத்தவங்க சாமானை நம்பி வாங்கலாம் சார். திருப்பிக் குடுன்னு வந்து நிக்க மாட்டாங்க."

லிப்ட்காரரும் சிரித்துவிட்டுத்தான் வாங்கி வந்தார்.

புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கி முதல் இரண்டு அறைகளில் போட்டார். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் விழும்படி ஜோடி சேர்த்தார். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும் என்று கணக்கு. இரண்டு போனிலிருந்தும் வீடியோக்களை ஏற்றினார். இருநூற்றுப் பதினான்கு. இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தார். பிறகு போன்களிலிருந்து அழித்தார். சனிக்கிழமை, காலை 11.20.

பெட்டியை மூடி நான்கு திருகையும் இறுக்கினார். முதல் விளக்கும் இரண்டாவதும் பச்சையாக எரிந்தன. சரி.

மூன்றாவது மினுங்கியது.

மூன்றாவது அறையில் டிஸ்க்கே இல்லை. மறுபடி கழற்றி, விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். காலி. பழசு, எங்கோ வயர் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டு திரும்ப மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 3.10. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவர் ஒரு வீடியோவைப் போட்டார். பட்டாணி பெஞ்சில் உட்கார்ந்து முதன்முதலாகத் தானே ஷூ லேஸ் கட்டியது. எடுத்தவர் அவர்தான். "பட்டாணி, இங்க பாரு" என்று அவர் குரல் கேட்கும். அவள் காலைத் தூக்கிக் காட்டி "நானே கட்டிட்டேன்" என்பாள். அதோடு நிற்கும். முப்பத்தெட்டு விநாடி. அவருக்கு மனப்பாடம்.

அன்று நிற்கவில்லை.

காலைத் தூக்கிக் காட்டிய பட்டாணி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. காலைக் கீழே இறக்கினாள். கேமராவுக்கு மேலே யாரையோ அண்ணாந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

நாற்பத்தொன்றாவது விநாடியில் நின்றது.

எடுத்தபோது கவனிக்காமல் விட்டிருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் நோட்டில் எழுதி வைத்தார்.

திங்கட்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். மணி 1.15. அதே வீடியோ. இப்போது ஐம்பத்திரண்டு விநாடி.

பட்டாணி அண்ணாந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அப்பா எங்க?"

மைக்குக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். கனமான, சளி கட்டிய மூச்சு. பிறகு ஒரு கிழட்டுக் குரல்.

"வருவாரு..."

அந்த வீடியோவை எடுத்தது அவர். அந்த அறையில் அன்று அவரையும் குழந்தையையும் தவிர யாருமில்லை.

மற்ற வீடியோக்களைத் திறந்தார். ஊஞ்சலில் ஆடுவது. வாளிக்குள் உட்கார்ந்து குளிப்பது. சுவரில் கிறுக்கிவிட்டு முழிப்பது. எல்லாம் சில விநாடி நீண்டிருந்தன. எல்லாவற்றின் முடிவிலும் அதே கேள்வி. அதே பதில்.

1.50. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவுக்கு எடுத்தார். இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் வந்தன. ஒன்றுக்குள்ளும் எதுவும் இல்லை. வெறும் பெயர்.

2.05. பெட்டியை அணைக்காமலே திறந்து இரண்டு டிஸ்க்கையும் உருவி, கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டினார். இரண்டும் காலி. வாங்கிய அன்று இருந்தது போல, ஒரு எழுத்துகூட எழுதப்படாமல்.

திரும்பப் பெட்டியில் போட்டு மூடினார். இருநூற்றுப் பதினான்கும் இருந்தன.

 குழந்தை டிஸ்க்கில் இல்லை. பெட்டியில் இருந்தாள்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. மனைவியிடம் முதுகுவலி என்றார். அவள் கடைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். அணைக்கவும் பயம். பார்க்கவும் பயம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

செவ்வாய், 10.40. பட்டாணி தேம்பித் தேம்பி அழுதாள். "அப்பாகிட்ட போகணும்." திரையைத் தொட்டு, "இங்கதான்டா இருக்கேன் கண்ணு" என்று அவர் கத்தினார். அவள் காதில் விழவில்லை.

புதன், 2.05. அழுகை இல்லை. கிழட்டுக் குரல் என்னவோ கதை சொன்னது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன், 5.30. சிரித்தாள்.

வியாழன், 11.30. அந்தக் குரலைப் பார்த்து "அப்பா" என்றாள்.

நோட்டில் அந்த வரி இருக்கிற இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பேனா அழுந்திக் கிழித்தது.

அன்று மாலை 4.12. கடையில் வேறு ஆள் வந்து மாற்றிவிட்டதால் மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். அவர் கதவு திறந்ததைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அறை வாசலில் நின்றிருந்தாள். கைப்பை கீழே கிடந்தது.

"அவ சத்தம் கேக்குது" என்றாள்.

அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக மனைவியின் முகத்தில் உயிர் வந்திருந்தது. "நானும் பார்க்கிறேங்க" என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் பட்டாணி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா... உனக்கு அம்மா வேணுமா?" என்றது குரல்.

மனைவியின் பிடி இறுகியது. "யாருங்க இது? இது நீங்க இல்லையே."



பட்டாணி விரலை வாயில் வைத்து யோசித்தாள். பிறகு நேராகப் பார்த்தாள். கேமராவை இல்லை. அம்மாவை.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அம்மா மாத்திரை குடுப்பா. சரியாயிடும்னு பொய் சொல்லுவா."

குரல் சிரித்தது. கூடவே பட்டாணியும் சிரித்தாள்.

மனைவி எழுந்தாள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

4.16.

காற்றாடி சுற்றிச் சுற்றி... நின்றது.

வீடு அமைதியாக இருந்தது.

டொக்.

பெட்டிக்குள்ளிருந்து.

டொக்... டொக்.

சின்ன விரலை மடக்கித் தட்டுகிற சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

அவர் பாய்ந்து பிளக்கைச் செருகினார். 4.17. முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது எரியவில்லை. வீடியோக்களைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. ஷூ லேஸ் இல்லை, ஊஞ்சல் இல்லை, வாளி இல்லை. ஐந்து வருடத்துக் குழந்தையின் ஒரு விநாடிகூட அந்த வீட்டில் மிச்சமில்லை.

அப்போது அவர் மனைவியிடம் ஒன்று சொன்னார். அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கும் நீதான். இன்னைக்கும் நீதான்."

அவள் கீழே கிடந்த கைப்பையை எடுத்து, இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் பெட்டியைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். செத்துப்போனவரின் தங்கை மகள் வீடு. அதிக தூரமில்லை.

12.30. அந்தப் பெண் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பையின் வாயில் தெரிந்த பெட்டியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"மாமா பெட்டிதானே. கெட்டுப்போச்சா சார்?"

"இல்ல. அவரைப் பத்திக் கேக்கலாம்னு..."

"மாமா கல்யாணமே பண்ணிக்கல. தனியாத்தான் இருந்தாரு. கடைசி அஞ்சு மாசம் இந்தப் பெட்டி முன்னாடியே உக்காந்திருப்பாரு. பேசுவாரு, கதை சொல்லுவாரு. வயசாயிடுச்சு, புத்தி பிசகிடுச்சுன்னு விட்டுட்டோம்."

"எப்ப ஆரம்பிச்சுது?"

"அது நல்லா ஞாபகமிருக்கு. திடீர்னு ஒரு நாள் காலையில மெசேஜ் அனுப்பினாரு. அழிக்கல, இருங்க." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போனைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு ஒரு சின்னப் பிள்ளை வந்திருக்கு. அப்பா எங்கன்னு கேட்டு அழுவுது. பால் வாங்கிட்டு வா.

தேதியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள்.

நேரத்தைப் பார்த்தார். காலை 6.20.

5.55-க்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம்.

"நீங்க... போய்ப் பார்த்தீங்களா?"

"பாலோட போனேன் சார். யாரும் இல்ல. காலி பெஞ்சைக் காட்டி, பாரு எப்படி அழுவுதுன்னாரு. சரி, ஆமாம் மாமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்." அவள் மறுபடி இஸ்திரியைக் கையில் எடுத்தாள். "பாவம், நல்ல மனுஷன்தான். ஆனா பிள்ளைங்களை வளர்த்துப் பழக்கமில்ல பாருங்க. ஒரு நாள் விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அழுதா எப்படி மாமா சமாளிக்கிறீங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"பெட்டிக்குள்ள போட்டு மூடிடுவேன்னு சொன்னாப் போதுமாம். கப்புனு அடங்கிடுமாம்."

அவள் ஒரு சட்டைக் கையைத் திருப்பிப் போட்டாள்.

"ஒரு தடவை ரொம்ப அடம் பிடிச்சுதாம். நிஜமாவே போட்டு மூடிட்டாராம். அப்புறம் திறக்கவே இல்லையாம் சார். பழகிடும், பழகிடும்னே சொல்லிட்டிருந்தாரு, சாகுற வரைக்கும்."

லிப்ட்காரர் மடியிலிருந்த பையைப் பிரித்தார். பெட்டியை வெளியே எடுத்தார். அந்த நான்கு திருகையும் சனிக்கிழமை இறுக்கியது அவர் கை. திங்கட்கிழமை இறுக்கியதும் அவர் கை.

ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரவில்லை.

"சார்... என்ன சார் பண்றீங்க?"

கட்டைவிரல் நகத்தை முதல் திருகில் வைத்துத் திருப்பினார். நகம் பிய்ந்தது. அடுத்த விரலை வைத்தார்.