குளிர்ந்த எஞ்சினும் கொதித்த ஹீற்றரும்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், சீற்றைத் தடவிப் பார்ப்பார்கள். நிலத்தில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பது என் தொழில். கிளிநொச்சியில் சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். "எடுக்கமுதல் ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்று கூட்டிப்போவார்கள். கைமாறிய காரை வாங்கி, நடுவீதியில் இறங்கித் தள்ளியவர்தானே நீங்களும்? வாங்கோ, சேர்ந்து சிரிப்போம்.

புது விரிப்பு

முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற அந்தோனிப்பிள்ளைக்காகப் பார்த்த கார் பளபளவென்று நின்றது. அவர் மனைவி முன்சீற்றில் ஏறியிருந்து, கோயில் பெருநாளுக்கு இதில்தான் போவதென்று முடிவே எடுத்துவிட்டா. எனக்கு உறுத்தியது அவவின் காலடியில் கிடந்த புத்தம்புது விரிப்பு. அதை இழுத்தேன். தகடு முழுக்க உப்புக்காற்றுத் தின்ற துரு! ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்ட, அது தகட்டைத் துளைத்துக்கொண்டு நிலத்தில் விழுந்தது. ஓட்டையால் புல் தெரிந்தது. அந்தோனிப்பிள்ளை மனைவியைக் கைபிடித்து இறக்கினார்.

"வள்ளத்தில ஓட்டை விழுந்தா தண்ணிதான் உள்ள வரும். இதில மனிசியெல்லோ வெளிய போயிடுவா!"

ஆறட்டும்

தாதி சுகந்தி வேலைக்குப் போய்வர ஒரு கார் தேடினா. துணுக்காயில் ஒரு வீட்டுக்குப் போனோம். எஞ்சினை மூடியிருந்த பொனற்றில் கை வைத்தேன், சுட்டது. "நிழலுக்கு இப்பத்தான் எடுத்து விட்டனான்" என்றார் விற்கிறவர். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயைச் சொல்லாது. "ஆறட்டும், இருக்கிறம்" என்று கதிரையில் அமர்ந்தேன். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது, வாழைப்பழமும் வந்தது. நாங்கள் அசையவில்லை. கடைசியில் ஸ்டார்ட் பண்ணினார். ஒயில் எரிகிற நீலப்புகை முற்றத்தை மூடியது. கோழிகள் வேலி பாய்ந்தன. குசினிக்குள்ளிருந்து அவருடைய அம்மா கத்தினா:

"டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்கிற ஆக்கள் வந்திட்டினம், கதவைச் சாத்துங்கோ!"

மத்தியான வெயிலில்

ஜெயபுரத்தில் கமம் செய்கிற ராசையா, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். அவருக்காகப் பார்த்த வான் வண்டியில் பெயின்ற் உரிந்திருந்தது. ஆனால் தகடு உறுதி, எஞ்சின் சத்தம் சுத்தம். ராசையாவையும் விற்கிறவரையும் ஏற்றிக்கொண்டு ஓடிப்பார்த்தபடியே ராசையா வீட்டு வாசலில் நிறுத்தினால், உள்ளே மகள் கலாவுக்குப் பிள்ளைப்பேற்று வலி! "ஏத்துங்கோ!" என்று கத்தினேன். விற்கிறவரே பாய்ந்து கதவைத் திறந்தார்.

பாதி வழியில் வெப்பநிலை முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியது. நிறுத்தினால் பிள்ளை வீதியில் பிறக்கும். ஓடினால் எஞ்சின் சூட்டில் இறுகி நின்றுவிடும். ஹீற்றரைத் திறந்தால் எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும். முழுக்கத் திறந்துவிட்டேன். மத்தியான வெயில், உள்ளே அடுப்பு! வியர்வை கண்ணை மறைத்தது. முள் அசைந்தது. "இறங்குது, இறங்குது!" என்று துள்ளினேன். "ஐயோ, புள்ளையா?" என்று பின்னாலிருந்து அலறினார் ராசையா.

ஆஸ்பத்திரி வாசலைப் பிடித்துவிட்டோம். பெண்குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். றேடியேற்றர் குழாயில் இருந்த வெடிப்புக்குப் புதுக்குழாய் போட்டேன், ராசையா வானை எடுத்தார். பிள்ளை பார்க்கப் போனபோது, என்னைக் கண்டதும் கலா சொன்னா:

"வலியக்கூட தாங்கிட்டேன் அண்ணே, அந்த ஹீட்டரத்தான் தாங்க முடியல!"

இத்தனை வாகனத்தின் அடியில் படுத்தெழும்பி நான் கண்டது, பழைய காரில் எப்போதும் புத்தம்புதிதாக இருப்பது அதை விற்கிறவர் சொல்லும் கதை மட்டும்தான்.