மூன்றாவது ஈற்றுக்கு முன் போன செங்கோட்டுவேல் அண்ணன்

செங்கோட்டுவேல் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதமே அருவருப்பானது. காலையில் என் மருத்துவமனையில் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஆத்தூர் பக்கம் நாய்ப்பண்ணை வைத்திருப்பவர் போனில் வந்தார். "மேடம், நாமகிரிப்பேட்டைல நம்ம பொட்டையை வச்சிருந்தாரே ஒரு பெரியவரு, அவரு விடியக்காலைல தவறிட்டாராம். நெஞ்சு வலியாம். நாயை இன்னைக்கே எடுத்துக்கலாமா, இல்ல காரியம் முடியட்டும்னு எதாச்சும் சொல்லுவாங்களா?" என்றார். ஒரு மனிதரின் சாவும் நாயைத் திருப்பிக் கேட்பதும் ஒரே மூச்சில் வந்தன. போனை வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரை ரிக் வண்டி டிரில்லராகத்தான் தெரியும். திருச்செங்கோட்டு வண்டிகளில் ஏறி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய், ஆயுளில் பாதியை ஆழ்துளைக் கிணறு போட்டே கழித்தவர். அந்த இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. அவர் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்த சில மாதங்களில் என்னிடம் வந்து, "ஊட்டுல பேசறதுக்கு ஆளில்லீங்க டாக்டரம்மா. ஒரு நாயி இருந்தா வையறதுக்காச்சும் ஆகும். நல்லாக் கொரைக்கிறதாப் பாத்துச் சொல்லுங்க, எம்பட காதுக்குக் கேக்கோணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

அப்போது அந்த ஏற்பாட்டைப் பற்றி அவருக்குச் சொன்னது நான்தான். பண்ணைக்காரர்கள் நல்ல பெண் குட்டிகளை எல்லாம் கூண்டிலேயே வைத்து வளர்ப்பதில்லை. காப்பாளர் வீடு என்று ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பார்கள். நாய் அந்த வீட்டில் வளரும், சோறும் அன்பும் அந்த வீட்டுடையது. ஆனால் உரிமை பண்ணைக்குத்தான். பருவம் வந்தால் பண்ணைக்கு அனுப்ப வேண்டும், குட்டி போடும்போதும் அனுப்ப வேண்டும், குட்டிகள் பண்ணைக்குப் போகும். பேசிய ஈற்றுகள், பெரும்பாலும் மூன்று, முடிந்ததும் கருத்தடை செய்து நாயை அந்த வீட்டுக்கே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கூண்டில் கிடப்பதைவிட நாய்க்கு இது எவ்வளவோ மேல். நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அண்ணனை அனுப்பி வைத்த ஆத்தூர்க்காரர் அப்படிப்பட்டவர் அல்ல என்பது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரியும்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன், "வாரத்துக்கு ஆடு விடற மாதிரிங்களா?" என்றார். வெளியே நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். "ஆமாங்கண்ணா, அதே மாதிரிதான்" என்றேன். எங்கள் பக்கத்தில் வாரம் என்றால் ஒருவருடைய ஆட்டை இன்னொருவர் வளர்ப்பது, குட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்வது. வாரத்து ஆடு வளர்க்கிறவர் பட்டியில்தான் குட்டி போடும். எப்போது கிடாயிடம் விடுவது என்பதில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நிறைசினை ஆட்டை உரிமைக்காரர் வந்து அவிழ்த்துக்கொண்டு போனால் ஊரே காறித் துப்பும். இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் கேட்டார். அவசரத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஏழு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தில் அந்த லேப்ரடார் குட்டிக்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர். அவர் வைத்த பெயர் பவுனு. தினமும் இரண்டு முட்டை அவித்து, ஓடு உரித்து, ஆற வைத்துக் கொடுப்பார். தனக்கு ஒன்றுதான். "எனக்குக் கொழுப்புன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்பார். நான் மனுஷ வைத்தியம் பார்ப்பதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடமே நீட்டுவார்.

முதல் ஈற்றுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பண்ணை வண்டி வந்து பவுனுவை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணன் அதை எதிர்பார்க்கவே இல்லை. மறுநாள் பஸ் ஏறி ஆத்தூருக்குப் போய்ப் பண்ணை கேட்டுக்கு வெளியே பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். தொற்று வரும் என்று உள்ளே விடவில்லை. அந்தக் காரணம் சரியானதுதான், நானே சொல்லியிருப்பேன். ஆனால் அவருக்கு ஒரு நாற்காலி போடக்கூட அங்கே ஆளில்லை. திரும்பி வந்து என்னிடம், "கிருமி எம்பட கால்லதான் இருக்குதாமா? குட்டி வாங்கக் காருல வந்தவங்க செருப்போட உள்ள போனாங்களே, அவுங்க கால்ல இல்லீங்களா?" என்று கேட்டார். இரண்டு மாதம் கழித்துப் பவுனு விலா எலும்பு தெரிய, மடியெல்லாம் கீறலோடு வந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. "பாறை எதுன்னு வெளிய வார தூசியப் பாத்தாலே சொல்லிருவேனுங்க. மனுசன்ல அந்தத் தூசி வாரதில்லை" என்றார்.

அடுத்த பருவத்திலேயே மறுபடி ஆண் நாயோடு சேர்த்தார்கள். உடம்பு தேறட்டும் என்று அவர் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த முறை குட்டி குறுக்கே நின்று, யாரோ ஒரு மருத்துவர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்திருக்கிறார். குட்டிகளைப் புட்டிப்பாலில் வைத்துக்கொண்டு பவுனுவைத் தையலோடே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையல் பிரிக்க அண்ணன் அதை என்னிடம் கொண்டு வந்தார். கையில் அந்த ஒப்பந்தம். பக்கத்து வீட்டு டெய்லரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஓர் இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார். நாய் இனப்பெருக்கத்துக்குத் தகுதியில்லை என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், மூன்றாவது ஈற்று இல்லாமலே அது காப்பாளருக்குச் சொந்தம்.

"இனி வேண்டாமுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க டாக்டரம்மா. இன்னொரு தடவ போனா இது திரும்பி வராதுங்க."

எழுதியிருக்கலாம். அந்தத் தையலைப் பார்த்த எந்த மருத்துவரும் எழுதியிருப்பார். ஆனால் அந்தப் பண்ணையின் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போடுவது நான். பண்ணைக்காரர் வேறு ஆளிடம் போனால் எனக்குப் பெரிய இடம் போகும். "காயம் ஆறட்டுங்கண்ணா, ஆறு மாசம் போகட்டும், பாக்கலாம்" என்றேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "செரிங்க, வாரேன்" என்று கிளம்பிவிட்டார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஊசிக்கு வந்தபோதெல்லாம் பழையபடி சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

போன் வந்த அன்று நான் துக்க வீட்டுக்குப் போனபோது பண்ணை வண்டி எனக்கு முன்பே வந்து நின்றது. பந்தலுக்கு வெளியே கூண்டை இறக்கி வைத்திருந்தார்கள். அண்ணனை இன்னும் குளிப்பாட்டவில்லை. பவுனு அவர் கட்டிலடியில் கிடந்தது. பண்ணைக்காரர் மாலையோடு வந்திருந்தார், அது வேறு. மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து, "இந்த மாசம் பருவம் வந்துரும் மேடம், ஆண் நாய் ரெடியா இருக்கு" என்றார் மெதுவாக. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டும் என்று சொன்னால் அது பொய். இத்தனை நாள் அந்த ஆளிடம் சிரித்துப் பேசிய என் மேலும்தான்.

அங்கேயே, பந்தலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் மருந்துச் சீட்டில் எழுதினேன். இந்த நாயை இனிக் குட்டி ஈன வைக்கக் கூடாது, வைத்தால் உயிருக்கு ஆபத்து. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திப் பண்ணைக்காரரிடம் நீட்டினேன். "நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்?" என்றார். இனி உங்கள் பண்ணைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கூண்டை வெறுமனே ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனின் தம்பி மகன் வந்து, "எங்க ஊட்டுல நாயி வெக்க வசதியில்லீங்க, நீங்களே வெச்சுக்குங்க சாமி" என்றான்.

காரியம் முடிந்த வாரத்தில் பவுனுவுக்கு நானே கருத்தடை செய்தேன். வயிற்றைத் திறந்தபோது கருப்பை பழைய தையல் ஓரத்தில் காகிதம் போல் மெலிந்திருந்தது. இன்னொரு சினையில் கிழிந்திருக்கும். படிக்காத ஒரு டிரில்லருக்கு வெளியிலிருந்தே தெரிந்தது, வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவருடையதாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பவுனுவைக் காட்டுவேன். இப்போது என் வீட்டு வாசலில்தான் படுத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் என்னை நல்ல மனசு என்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது இரண்டு வரியில் அவருக்கே சொந்தமாக்கியிருக்க வேண்டிய நாய் அது. அந்த இரண்டு வரியை எழுத எனக்கு அவர் சாக வேண்டியிருந்தது.