“எக்ஸ்ட்ராவகன்ட்” என்னும் வசவு

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றே கால். ஈசூனில் வீட்டு வாசல்வரை சாரல் அடிக்கும் மழை. நல்ல இனிப்பு வாங்க ஃபேரர் பார்க்குக்கு டாக்சியில் போகிறேன் என்றதும் என் மகள், “டூ எக்ஸ்ட்ராவகன்ட் லா, அப்பா! கீழ் கடைல பாக்கெட் முறுக்கு இருக்கே” என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். என் சிறுவயதில், ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீட்டில், அது அப்பாவின் அன்றாட வசவு. கப்பல் அலுவலகக் குமாஸ்தாவான அவருக்கு அகராதி வாசிப்பதுதான் பொழுதுபோக்கு. தேநீரில் பால் கூடினாலும் “எக்ஸ்ட்ராவகன்ட்”, விசிறி வேகமாகச் சுற்றினாலும் “எக்ஸ்ட்ராவகன்ட்”. எல்லைக்கு வெளியே அலைவதைக் குறிக்கும் லத்தீன் சொற்களிலிருந்து அது பிறந்ததென்றும், முதலில் வரம்பு மீறிய எதையும் குறித்துவிட்டு, பிற்பாடுதான் வீண்செலவின்மேல் வந்து உட்கார்ந்ததென்றும் சோற்றைப் பிசைந்தபடி விளக்குவார்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளை நாங்கள் “மக்சிக்” என்போம். அவர் தட்டு நிறைய “குவே” பலகாரம் அனுப்புவார். தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது அந்த மாடியின் வழக்கம் என்பதால், அம்மா அதில் அதிரசம் வைத்து அனுப்புவார். மறுவாரமே தட்டு மறுபடி வந்து நிற்கும்.

“இதுக்கு ஒரு முடிவே இல்லையா? எல்லை தாண்டி அலையுது!” என்பார் அப்பா.

“அலையிறது தட்டுதானே, உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?” என்பார் அம்மா.

ஒருநாள் அப்பாவே தட்டைக் கழுவித் துடைத்து, வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் பலகாரம் வரவில்லை. அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கும் நேரம் பார்த்துத்தான் அம்மா துணி காயப்போட வெளியே போனார். அதில் எவ்வளவு மிச்சமானது என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது என் பக்கத்து வீட்டில் நூர் என்ற இளம்பெண். அந்தச் சனிக்கிழமை காலை, பீங்கான் தட்டில் “குவே” கொடுத்து, மாலை ஆறு மணிக்கு உட்லண்ட்ஸுக்குக் குடிபோவதாகச் சொன்னாள். இன்னொரு வெறுந்தட்டு எங்கள் வீட்டிலிருந்து போகக்கூடாது என்றுதான் மழையில் ஏறிக்கிடந்த டாக்சிக் கட்டணத்தையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆறு அடிக்கும் முன் தட்டு நிறைய லட்டோடு போய் நின்றேன். நூர் திகைத்தாள். “ஐயோ அங்கிள், பேக் பண்ண இடமில்லாமத்தான் அந்தத் தட்டையே கொடுத்தேன். தூக்கிப் போட்டிருக்கலாம் லா!” என்றாள் ஆங்கிலத்தில். லட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு தட்டை என் கையில் வெறுமையாகத் தந்தாள். அதில் ஏதும் தவறிருப்பதாக இந்த மாடியில் இனி என்னைத் தவிர யாருக்கும் தோன்றாது.

டாக்சி, போகவர அறுபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு. லட்டு இருபத்திரண்டு வெள்ளி. ஆக எண்பத்தைந்து வெள்ளி நாற்பது காசு.