நாலு தேசிக்காயும் ஒரு 69 மஸ்டாங்கும்

பழைய அமெரிக்கக் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் எப்போதும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணை, உதுக்கு நியாயமான விலை எவ்வளவு?" ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. 1996 செப்ரெம்பரில், ஒரு சனிக்கிழமை, கனடாவில் நாங்கள் இருந்த வெக்ஸ்போர்டிலிருந்து விட்பி என்ற ஊருக்குப் போய்வந்த கதைதான் இருக்கிறது. அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன், உங்களுக்கு உதவும்.

கனடா வந்த புதிதில் நகர மத்தியில் ஒரு நிலத்தடிக் கார் தரிப்பிடத்தில் ரிக்கற் கிழிக்கும் வேலை எனக்கு. வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிவப்பு மஸ்டாங் அந்தச் சரிவில் ஏறி வரும். அது வருவதற்கு முன்னமே என் மேசை லாச்சிக்குள் சில்லறை நடுங்கும். வாங்கினால் இதுதான் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். அந்த முடிவுக்கும் காசுக்கும் இடையில் ஆறு வருசம் ஓடியது.

சேர்ந்தது 7,500 டொலர். மனைவி வசந்தி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "இஞ்சருங்கோ, ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல ஒரு சதம் போனாலும் அந்தக் காரிலயே படுக்கவேண்டியதுதான். மிச்சக் காசு வீட்டு முற்பணத்துக்கு." நானும் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். பத்திரிகையில் கண்ட மஸ்டாங் விளம்பரத்தில் போட்டிருந்த விலையோ 9,500.

காலை 9.20க்குப் புறப்பட்டோம். வான் என் மச்சான் சிவத்தினுடையது. வசந்தியின் தம்பி, கார் உடம்பு திருத்தும் கராச்சில் ஏழு வருசம் வேலை செய்தவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பிக்கரிங்கில் இறங்கிக் கோப்பியும் டோனட்டும், இரண்டு பேருக்கும் 3 டொலர் 40 சதம். நாற்பது கிலோமீற்றரும் அவன் எனக்கு ஒரே பாடம்தான் நடத்தினான்.

"அத்தான், காரைக் கண்டோடனை பல்லைக் காட்டாதேங்கோ. செத்தவீட்டுக்குப் போன மாதிரி நில்லுங்கோ. ஆசை தெரிஞ்சால் விலை இறங்காது."

"எனக்குத் தெரியும். நீ ஓட்டு."

10.15க்கு விட்பி. கனபேர் சனிக்கிழமை புல்லு வெட்டும் புது வீட்டுத் தெரு. கிளென் என்ற அறுபது வயதுக்காரர் கராச் கதவைத் தூக்கினார். ஐயோ, அதை எப்படிச் சொல்ல! 1969, பின்பக்கம் சரிந்த கூரை, கடும் பச்சை நிறம். திறப்பைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினார், என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நான் செத்தவீட்டு முகத்தோடு நின்றேன், அல்லது நின்றதாக நினைத்தேன்.

இனிக் கவனமாகப் படியுங்கள், விலை என்பது இங்கேதான் முடிவாகிறது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த வாழைப்பழ வடிவக் காந்தத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கார் முழுக்க வைத்துப் பார்த்தோம். கதவில் ஒட்டியது, முன்பக்கம் ஒட்டியது. வலது பின்சில்லுக்குப் பின்னால் வைத்தேன், வழுக்கி விழுந்தது. அங்கே இரும்பு துருப்பிடித்து உக்கிப்போய், பசையை அப்பிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஊரில் பனிக்கு ரோட்டில் கொட்டுகிற உப்பு எந்தக் காரையும் விடாது.

அடுத்து, கிளெனிடம் கேட்டுவிட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரங்களில் இரண்டு லீற்றர் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். சிவம் உள்ளே தலைகீழாகக் கிடந்து பார்த்தான். பிறகு, "அத்தான், இஞ்சை மழை பெய்யுது!" என்று கத்தினான். அவனுடைய சந்தோசத்தைப் பார்க்கவேண்டுமே, ஏதோ லொத்தர் விழுந்தமாதிரி. இந்த வருசத்துக் கார்களில் அந்த இடம் உக்கினால் தண்ணீர் நேரே கால்மிதிக்கு இறங்கும். திருத்த ஆயிரம் டொலர் வரும்.

மூன்றாவது, கண்ணாடிக்குள்ளால் தெரிகிற இலக்கத் தகடு. அதில் ஐந்தாவதாக இருக்கும் எழுத்து, தொழிற்சாலையில் எந்த எஞ்சின் போட்டார்கள் என்று சொல்லும். விளம்பரத்தில் பெரிய எஞ்சின், அதுவும் காரோடு வந்தது என்று இருந்தது. தகட்டில் இருந்ததோ F, அதாவது சின்ன எஞ்சின். பெரியதை யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் விலைக்குக் குறை. கிளென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கே அது தெரியாது, விற்றவன் சொன்னதை நம்பி வாங்கியவர்.

உக்கின பக்கத்துக்கு 500, தண்ணீருக்கு 1,000, எஞ்சினுக்கு 600. நியாயமான விலை 7,400 என்று எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. உள்ளுக்குள் எனக்குத் துள்ளவேண்டும்போல் இருந்தது. முகத்தை இன்னும் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டு, "காட்டுங்கோ கணக்கை" என்றான் சிவம். நானும் வசந்தி தந்துவிட்ட துணிப்பையைத் திறந்து கணக்குக் கொப்பியை இழுத்தேன்.

கொப்பியோடு நாலு தேசிக்காய், எலுமிச்சங்காய்தான், வெளியே விழுந்தன. விழுந்ததோடு நிற்கவில்லை, உருண்டு உருண்டு நேரே காருக்குக் கீழே போயின. பின்னால் கற்பூரப் பெட்டியும் விழுந்தது.

கிளென் குனிந்து ஒன்றை எடுத்தார். உருட்டிப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் நம்மட ஆட்களாம். சித்திரையில் புது வான் வாங்கி, நாலு சில்லுக்குக் கீழும் நாலு தேசிக்காய் வைத்து நசித்ததை இவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "சும்மா பார்க்க வந்தவர்கள் இதைக் கொண்டுவரமாட்டார்கள்" என்றார் ஆங்கிலத்தில். "நீங்கள் இந்தக் காரை வீட்டிலேயே வாங்கிவிட்டீர்கள்."

சிவம் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கமுடியாது. "அக்காவுக்கு விசரே, அத்தான்?"

அதன்பிறகு கிளென் 8,200இல் வந்து நின்றார். அங்காலே ஒரு சதம் அசையவில்லை. நாலு மணிக்கு ஒஷாவாவிலிருந்து இன்னொருவன் வருகிறான் என்றும் சொன்னார். காந்தத்தைக் காட்டினேன், தண்ணீரைக் காட்டினேன், F எழுத்தைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கையில் தேசிக்காயை வைத்துக்கொண்டு. என்னிடம் இருந்த முழுக் காசையும் சொன்னேன்: 7,500. இல்லை என்றார்.

ஆறு வருச ஆசை, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. சிவம் காதுக்குள், "மிச்ச எழுநூறை நான் தாறன், பிறகு பாப்பம்" என்றான். வசந்திக்குக் கொடுத்த வாக்கு கண்ணுக்கு முன்னால் வந்தது. "வேண்டாமடா" என்றேன்.

குனிந்தேன். முதல் தேசிக்காயை எடுத்துப் பைக்குள் போட்டேன். இரண்டாவது முன்சில்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. மூன்றாவதற்குக் காருக்குக் கீழே முழங்கை வரை நுழையவேண்டியிருந்தது, காற்சட்டை முழுக்க ஒயில். எழும்பிக் கிளெனிடம் கையை நீட்டினேன், அவர் வைத்திருந்த நாலாவதையும் தரச்சொல்லி.

அவர் தரவில்லை. என் ஒயில் காற்சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார்.

"உண்மையிலேயே போகிறீர்களா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது.

"சரி. ஏழாயிரத்து ஐந்நூறு" என்றார். சொல்லிவிட்டுத் தானே குனிந்து அந்த நாலாவது தேசிக்காயை முன்சில்லுக்குக் கீழே வைத்தார்.

சிவம் போட்ட கூச்சலில் தெருவில் புல்லு வெட்டுகிற மெசின் ஒன்று நின்றது. 12.40க்கு என் பழைய நம்பர் பிளேட்டைக் கொழுவி, நாலையும் நசித்துக்கொண்டு, நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறினேன். வெக்ஸ்போர்ட் வரைக்கும் சிரித்த வாய் மூடவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை: காந்தமும் இரண்டு லீற்றர் போத்தலும் கட்டாயம். அந்த ஐந்தாவது எழுத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் வாங்கிய விலைக்கு மேல் 8 வீத வரியும் கட்டினேன், எனக்கு 600 டொலர். கைக்காசில் அதற்கும் ஒதுக்கிவிட்டுப் போங்கள், நான் ஒதுக்காமல் போய் மூன்று மாதம் மேலதிக வேலை செய்தேன். விலை சரிவராவிட்டால் எழும்பி வரவேண்டும், நடிப்புக்கு இல்லை, உண்மையாக.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் பொரிந்து தள்ளினேன். "உம்மட தேசிக்காயாலதான் அந்தாளுக்கு எங்கட ஆசை தெரிஞ்சது!"

அவள் காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆறு வருசமா நித்திரையிலயும் அந்தக் கார்ச் சத்தம் போடுற ஆள் நீங்கள். அந்த மனுசனுக்கு உங்கட மூஞ்சையைப் பாக்கத் தெரியாமல் போச்சுதே? தேசிக்காய் வைச்சுவிட்டது, திரும்பி வரேக்கை அது நசியாமல் வந்தால், விலை கூடினதெண்டு வாங்காமல் வந்து நீங்கள் வாக்குக் காப்பாத்தினதெண்டு எனக்குத் தெரியட்டும் எண்டுதான்."

"நசிச்சுப்போட்டுத்தானே வந்திருக்கிறன்?"

"ஓம்," என்றாள், முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டே. "ஏழாயிரத்து ஐந்நூறுதானே? அப்ப ஒரு சுத்துச் சுத்துங்கோ."