கடலில் போன சிவப்பு முட்டை

நீங்கள் பலெர்மோவிலேயே பிறந்த பிள்ளைகள். கால்சாக் கடற்கரைக்கு ஐஸ்கிறீம் தின்ன மட்டும் வருகிறவர்கள். எனக்கோ அந்தக் கடலைப் பார்த்தால் ஒரு முட்டைதான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் உங்கள் வயதில் இருந்தபோது, அம்மா ஒரு பல்கலைக்கழகப் புரொபெசோரே வீட்டில் வேலை செய்தா. அவர் கிரேக்கர். இளந்தாரியாகக் கப்பலேறி இத்தாலிக்கு எஞ்சினியரிங் படிக்க வந்தவர். படித்த இடத்திலேயே பாலம் கட்டுவது எப்படி என்று படிப்பிக்கிறவராகி, பலெர்மோப் பெண்ணையே கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு மகள்மார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவா. அவர் எங்கள் மூவரையும் சாப்பாட்டு மேசையில் இருத்தி, அவிக்காத ஸ்பகெத்தியையும் மாப்பசையையும் வைத்துப் பாலம் கட்டுவார். நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். பாலம் முறிந்தால் முதலில் கைதட்டுகிறவர் அவர்தான்.

அந்த வருசம் அந்த வீட்டை ஏதோ பிடித்துவிட்டது. சின்ன மகள் படியில் விழுந்து கையை முறித்தாள். அவருடைய மனைவி சிஞ்ஞோராவுக்குத் தலையிடி விடவில்லை. புரொபெசோரே பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய் பல்கனியில் நிற்பார். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தா. ஒருநாள் தூசி தட்டும்போது, அவருடைய அறையில் தொங்கிய பொன்பூச்சு மாதா படத்துக்குப் பின்னால் கையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், இரத்தச் சிவப்பில் ஒரு முட்டை. பழைய முட்டை. உள்ளே காய்ந்து, இறகுபோலப் பாரமில்லாமல் இருந்தது.

"செய்வினை," என்றா அம்மா. "ஆரோ இந்தக் குடும்பத்துக்குச் செய்துபோட்டினம்."

இப்படி ஒன்று அகப்பட்டால் ஒருத்தருக்கும் சொல்லாமல் கடலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். அது யாழ்ப்பாணத்துச் சட்டம். வேலை முடிந்ததும் அம்மா முட்டையைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கால்சாவுக்கு நடந்தா. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தா. எறிந்த கையோடு கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு என்னைக் கேட்டா:

"நான் திரும்பக்கூடாது. நீ பார். தாழ்ந்திட்டுதோ?"

"இல்லையம்மா, மிதக்குது."

"ஐயோ, அப்ப பலமான செய்வினைதான்! நட, நட!"

என்னை இழுத்துப் போகும்போதும் நான் பார்த்துக்கொண்டே போனேன். பின்னேர வெயிலில் கடல் பால்போலக் கிடந்தது. அதன்மேல் அந்தச் சிவப்புப் புள்ளி அவசரமில்லாமல் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அப்பாவுக்கு மட்டும் அம்மா சொன்னா. அப்பா சிரித்தார். "பாலம் கட்டுற மனிசனுக்கு ஆரடி செய்வினை செய்யப்போறான்? தோணிக்காரனோ?" பிறகு அவருடைய சிரிப்பு நின்றது. நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அந்த மாதம்தான் வேலை கொடுக்கிறவர் என்று புரொபெசோரே கையெழுத்து வைக்கவேண்டும். "அவரின்ரை சாமானை எறிஞ்சிட்டாய். கோவிச்சாரெண்டால் நாங்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான்."

அடுத்தமுறை போனபோது புரொபெசோரே மாதா படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முட்டை எங்கே என்று மெதுவாகத்தான் கேட்டார். அம்மா அழுதழுது சொல்ல, நான் இத்தாலியனில் சொன்னேன். செய்வினைக்கு எனக்கு வந்த சொல் மாலோக்கியோ, அதாவது கண்ணூறு. அதைக் கேட்டதும் சிஞ்ஞோரா கண்ணூறுக்குக் காவலாகத் தன் சங்கிலியில் தொங்கிய சின்னக் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேலை செய்தாள்!" என்று அம்மாவின் பக்கம் சேர்ந்துவிட்டா.

அது கண்ணூறு படாமல் இருக்க வைத்த முட்டை என்றார் புரொபெசோரே. அவர்களுடைய ஈஸ்டருக்கு முதலில் சாயம் போடுகிற முட்டையை ஒரு வருசம் மாதாவிடம் வைப்பார்களாம். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கிரேக்கத்திலிருந்து அவருடைய அம்மா புதிதாக ஒன்று அனுப்புவாவாம். இந்த முறை ஈஸ்டர் போயும் பழையதுதான் இருந்தது. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கால்சாவுக்குப் போனார். எந்தப் பக்கமாகப் போனது என்று என்னைத்தான் கேட்டார். வலப்பக்கம் காட்டினேன். அவர் நெற்றியில் கையை வைத்து, பாலம் போட இடம் பார்க்கிறவரைப்போல நெடுநேரம் பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தோளை இறுக்கிக்கொண்டிருந்தன.

"அம்மாவுக்குச் சொல்," என்றார். "அது என் ஊர்ப் பக்கம்தான் போகிறது. மெஸ்ஸீனா நீரிணையைத் தாண்டினால் பிறகு நேரே வீடுதான்."

பிறகு எல்லோருக்கும் பிரியோஷ் பன்னுக்குள் வைத்த ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அந்தக் கிழமையே கையெழுத்தும் வைத்தார்.

அந்தக் கோடை முழுக்க நான் முட்டையை விசாரித்தேன். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். மெஸ்ஸீனாவில் ஒரு கப்பலுக்கு வழிவிட்டு நிற்கிறது. நேற்று ஒரு மீன் மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு எஞ்சினியர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஒற்றை அறையில் படுத்திருக்கும்போது, ரயில் போகப் போகக் கட்டில் மெல்ல ஆடும். நானும் மிதந்து போவேன்.

செப்டெம்பரில் ஒருநாள், "போய்ச் சேர்ந்துவிட்டது," என்றார்.

"யார் எடுத்தது?"

"என் அம்மா."

நான் ஓடிப்போய் என் அம்மாவிடம் சொன்னேன். அவ புரொபெசோரேயின் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்றா. அந்தக் கிரேக்கத்து அம்மா முந்திய மாரியில் செத்துப்போனதையும், அது அவ கடைசியாகச் சாயம் போட்ட முட்டை என்பதையும் சிஞ்ஞோரா என் அம்மாவுக்குச் சொல்லியிருந்தா. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முட்டை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது, இவ ஏன் தேய்த்த சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்து, அதைத் திரும்பவும் தேய்க்கிறா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.