ஏழாம் நம்பர் மலையில் தீக்கோழி

1. கயிறு

தீக்கோழி தப்பிப்போனதற்குக் காரணம் நான்தான். இருபது வருடம் மாடு வளர்த்த பழக்கத்தில், கேட்டை நைலான் கயிற்றால் கட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். பளபளப்பாக எதைக் கண்டாலும் தீக்கோழி கொத்தும். கயிற்றையும் கொத்திக் கொத்தியே அவிழ்த்துவிட்டது.

மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவை ஹோட்டல் ஆக்கியபோது, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அதை வாங்கி வந்தார்கள். நான் அதிகம் பேசாதவன் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அது துரையின் மனைவிபோல நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து, லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் தொரசாணி என்று பெயர் வைத்தார்கள்.

2. டொக்டர் காட்டியது

முதல் நாளே மிருக டொக்டர் அதன் காலைக் காட்டினார்.

"பின்னால மடங்குதே, அது முட்டி இல்ல முருகையா, குதிகால். முட்டி மேல எறகுக்குள்ள இருக்கு."

அதாவது அது எப்போதும் விரலில்தான் நிற்கிறது. சதை முழுவதும் தொடையில் இருக்கிறது. கீழே எலும்பும் நரம்பும் மட்டும்தான். கனம் இல்லாததால் காலை வேகமாக வீசி வைக்கிறது. நரம்பு ரப்பர்போல இழுபட்டு அடுத்த எட்டுக்கு உந்திவிடுகிறது. விரல்கள் இரண்டே இரண்டு. பெரிய விரலின் நகம் மண்ணைக் குத்திப் பிடிக்கும். சிறகு, ஓட்டத்தில் திரும்பும்போது சாயாமல் இருப்பதற்கு.

"இதெல்லாம் வெட்டவெளியில ஓடுறதுக்கு. ஒங்க மலைக்கு இல்ல. கால் ஒடஞ்சா அதோட சரி, காப்பாத்த முடியாது" என்றார். ஒரு பழைய ஸ்வெட்டரிலிருந்து வெட்டியெடுத்த கையையும் கொடுத்தார். அதைத் தலையில் மாட்டிக் கண்ணை மறைத்தால் அசையாமல் நிற்குமாம்.

3. வளைப்பு

கயிறு அவிழ்ந்த அன்று அதைத் தேடி ஏழாம் நம்பர் தேயிலை மலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் போட்டு முடித்து எல்லோரும் அங்கே வந்திருந்தார்கள். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார்.

"என்னடா, ஒன் கோழி நம்ம மலையில நிக்குது. அதுக்கும் பேர் போடணுமா?"

காட்டுப்பன்றி வந்தால் தகரம் தட்டிப் பள்ளத்துக்கு விரட்டுவது எங்கள் வழக்கம். ஐயா அதையே செய்யச் சொன்னார். முப்பது பேர் மேலே வரிசையாக நின்று கத்தினார்கள்.

"அடியே, தொரசாணி பொடவையத் தூக்கிக்கிட்டு ஓடுது பாருங்கடி!" என்று கொழுந்தெடுக்கும் செல்லம்மா சிரித்தாள்.

பன்றி, மலையில் வெட்டியிருக்கும் தண்ணீர்க் கானைத் தாண்டிவிடும். ஈரச் சரிவில் தீக்கோழியின் கால் அந்தக் கானுக்குள் போனால் முறிந்துவிடும். ஒரு தடவை தொரசாணி வழுக்கி, சிறகை விரித்துச் சமாளித்தது.

"ஓடாதீங்க, ஒக்காருங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். செல்லம்மா திரும்பினாள்.

"எல்லாம் ஒக்காருங்கடி! அண்ணன் வாயத் தொறந்திருக்காரு!"

முப்பது பேரும் தேயிலைக்குள் உட்கார்ந்தார்கள். துரத்த ஆள் இல்லாததால் தொரசாணி நின்றது. ஐயா மட்டும் உட்காரவில்லை. தொழிலாளர் முன்னால் அவர் உட்கார்வதில்லை. அவர் சட்டைப் பையில் வெள்ளி நிறப் பேனா இருந்தது. தொரசாணி நேராக அவரிடம் போனது.

"அசையாதீங்க ஐயா. அது முன்னுக்குத்தான் ஒதைக்கும்."

"நான் முன்னுக்குத்தாண்டா நிக்கிறேன்!"

அது பேனாவைக் கொத்திக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் போய்த் தலையில் ஸ்வெட்டர் கையை மாட்டினேன். அப்படியே நின்றுவிட்டது. சிறகைப் பிடித்து ரோட்டு வழியாக மெல்ல நடத்திக் கூட்டிப்போனேன். காலில் ஒரு கீறல் மட்டும் இருந்தது.

4. இப்போது

கேட்டுக்குக் கொண்டி போட்டாயிற்று. ஓடுவதற்கென்றே அமைந்த காலைத் துரத்திப் பிடிக்க முடியாது. துரத்தாமல் இருந்தால் அதற்கும் ஓட வேலை இல்லை. அடுத்த நாள் பெரட்டிலேயே, இனித் தீக்கோழி வந்தால் எல்லோரும் உட்கார வேண்டும் என்று ஐயா உத்தரவு போட்டார்.

அவர் இன்னும் உட்கார்வதாக இல்லை. பேனாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்.